பாக்கியத்தின் ஓட்டு

விருத்தாசலம் ஜங்ஷனில் நான் இறங்கியபோது என்னை அழைத்துப்போக ஒருவரும் வரவில்லை. மச்சான் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். பெட்டியின் மேல் உட்கார்ந்து ஒரு டீ வாங்கிக் குடித்தேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவன் அந்த டீயைப் பற்றிப் பேசாமலிருப்பதுதான் மரியாதை. ஆனால் பீங்கானுக்குப் பேர்போன ஊரில் எனக்கு அதைக் கொடுத்தது விளிம்பு உடைந்த கண்ணாடி கிளாஸில் என்பதையாவது சொல்லியாக வேண்டும்.

காத்திருந்து அலுத்துப்போய் ஒரு ஜட்கா வண்டியில் ஏறினேன். “பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் போகணும்” என்றேன்.

“போலாம் சார். வழியில கொஞ்சம் நோட்டீஸ் குடுத்துட்டுப் போவணும், அவ்வளவுதான்” என்றார் வண்டிக்காரர்.

கூரையில் ஒலிபெருக்கி கட்டியிருந்ததை ஏறிய பிறகுதான் கவனித்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தலைக்கு மேல் அது அலற அலற, தெருத் தெருவாகப் போனேன். உள்ளே இருப்பவர்தான் வேட்பாளர் என்று நினைத்துச் சிலர் கும்பிட்டார்கள். ஒருவர் மாலையோடு ஓடிவந்து, என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு, மாலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனார். ஒரு மைலில் முடிய வேண்டிய பயணம் பகல் சாப்பாட்டு நேரம் வரை நீண்டது.

அது 1967ஆம் வருடம், பொதுத்தேர்தல் மாதம். நான் சிலோனில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போன எங்கள் ஜனங்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு முடித்திருந்த நேரம். கூடிய சீக்கிரம் நாங்கள் ஒவ்வொருவரும் இந்தியாவா சிலோனா என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை வந்து பார்த்துவிடலாம் என்று புறப்பட்டேன். பீங்கான் கம்பெனியில் குமாஸ்தா வேலை இருக்கிறது, அம்மா வழியில் கொஞ்சம் நிலமும் இருக்கிறது என்று மச்சான் சொல்லியிருந்தார்.

மச்சான் என்றால் என் தங்கச்சி தனபாக்கியத்தின் கணவர் கலியபெருமாள். அந்தக் கம்பெனிச் சூளையில் வேலை. பாக்கியமும் நானும் தோட்டத்தில் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரே அறையில் பிறந்தவர்கள். அவளை அப்பா இங்கே சொந்தத்தில் கட்டிக்கொடுத்தார். வாழ வந்த இடத்தில் அவளுக்கு ஓட்டு கிடைத்தது. அங்கேயே தங்கிவிட்ட எங்களுக்கோ, இருந்த ஓட்டையும் சிலோனுக்குச் சுதந்திரம் வந்த கையோடு பிடுங்கிவிட்டார்கள். எனக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுச் சீட்டு என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது.

பாக்கியம் என்னைப் பார்த்ததும் அழுதாள். அழுது முடித்துக் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் வைத்தாள்.

“கோச்சுக்காதண்ணே. அரிசி கெடைக்கல. ரெண்டு நாளா வரிசையில நின்னேன், என் முறை வர்றப்ப கடைய மூடிட்டாங்க” என்றாள்.

தோட்டத்தில் எங்களுக்குக் கூப்பனுக்கு அரிசி தவறாமல் வந்துவிடும். புழுத்த அரிசி என்று வாரா வாரம் திட்டிக்கொண்டே சாப்பிடுவோம். நெல் விளைகிற தேசத்தில் களி தின்ன இத்தனை தூரம் வந்தேனா என்று எரிச்சலாக இருந்தது. ஆனாலும் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மச்சான் சாயங்காலம் வந்தார். தோளில் ஆளுங்கட்சித் துண்டு, தொண்டை கட்டிப்போயிருந்தது. ஸ்டேஷனுக்கு வராததற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொன்னார். பிறகு ஒரு மணி நேரம் தேர்தலைப் பற்றியே பேசினார். வாக்குச்சாவடியில் அவர் கட்சிக்கு அவர்தான் ஏஜெண்ட். வருகிற ஆளை அடையாளம் பார்ப்பது, வேறு ஆள் வந்தால் ஆட்சேபணை சொல்வது, இதுதான் வேலை என்று எனக்கு விளக்கினார்.

“இந்த வாட்டி ஒங்காளுக்கு நான் போட மாட்டேங்க” என்றாள் பாக்கியம், களியை உருட்டி அவர் தட்டில் வைத்தபடி.

அவர் சிரித்தார். “கேட்டீங்களா மச்சான்? அம்பத்தேழுல கல்யாணமாயி வந்த புதுசு. ஆளுக்கொரு பெட்டி வச்சிருப்பாங்க அப்ப. மூணாவது பெட்டின்னேன், மூணாவது பெட்டியில போட்டா. அறுபத்திரெண்டுல சீட்டுல முத்திரை குத்தணும்னு வந்துச்சு. படத்தக் காட்டினேன், அதுலயே குத்தினா. இப்ப இன்னா வந்துச்சாம்?”

“அரிசி வரல. அதான் வந்துச்சு” என்றாள்.

மறுநாள் கம்பெனிக்குப் போனோம். வழியெல்லாம் உடைந்த ஜாடிகளும் மின்கம்பத்து வெள்ளைப் பீங்கான்களும் குப்பையாகக் கிடந்தன. அவற்றைப் பொறுக்கித்தான் வீட்டு வாசல்களுக்கு வரப்பு கட்டியிருந்தார்கள். சூளைகளில் பாதி எரியவில்லை. ஆட்கள் ஊர்வலத்துக்குப் போயிருந்தார்கள். குமாஸ்தா வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டிய மேனேஜரும் தேர்தல் வேலைக்குப் போயிருந்தார். “எலெக்சன் முடியட்டும் சார்” என்றார் வாட்ச்மேன். தபாலாபீஸிலும் அதைத்தான் சொன்னார்கள். சட்டை தைக்கக் கொடுத்த தையல்காரர்கூட அதைத்தான் சொன்னார். அவர் கொடி தைத்துக்கொண்டிருந்தார்.

“இங்க சும்மா ஒக்காந்துக்கிட்டு என்னா பண்ணப் போறீங்க மச்சான்? நாளைக்குப் பாக்கியத்த இட்டுக்கிட்டு திட்டக்குடிப் பக்கம் போயி நெலத்தப் பாத்துட்டு வாங்க. ராத் தங்கிட்டே வரலாம்” என்றார் மச்சான்.

“நாளன்னிக்கு ஓட்டுங்க” என்றாள் பாக்கியம்.

“காலையில மொத பஸ்ஸு இருக்குது இல்ல? பத்து மணிக்கு வூட்டுக்கு வந்துரலாம்.”

எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. மறுநாள் போனோம். நிலம் வெலிங்டன் ஏரிக்குப் போகிற வழியில் இருந்தது. ஏரித் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். ஆனால் நிலத்துக்கு வருகிற தூரமில்லை. வெடித்துக் கிடந்த மண்ணின் மேல் நின்று, பச்சையைத் தவிர வேறெதையும் பார்த்துப் பழகாத நான் வெடிப்புக்குள் காலை விட்டு ஆழம் பார்த்தேன். மாமன் முறையுள்ள ஒருவர் எங்களைத் தங்கவைத்தார். அவரும் தேர்தலைத்தான் பேசினார். இந்த ஊர் எந்தப் பார்லிமெண்டுத் தொகுதி என்று தெரியாமல் கேட்டுவிட்டேன். அவர் ஒரு ஊரைச் சொன்னார். அவர் மகன், அது போன தடவை, இப்போது தொகுதிக் கோட்டை மாற்றிவிட்டார்கள் என்று வேறொன்றைச் சொன்னான். இரண்டும் எங்கோ கடல் பக்கத்து ஊர்கள். சண்டை மூண்டது. நான் தூங்கப் போய்விட்டேன்.

விடிந்ததும் ரோட்டுக்கு வந்து நின்றோம். பஸ் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைப் பார்த்து இறங்கினார்.

“பஸ்ஸுக்கா நிக்கிறீங்க? எல்லாத்தையும் எலெக்சனுக்குப் புடிச்சுக்கினாங்க. நேத்தே சொல்லிட்டாங்களே, இன்னிக்கு ஒண்ணும் ஓடாது.”

“மச்சானுக்கு இது தெரியாதா?” என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். மாசி வெயிலுக்கு இத்தனை சூடா என்று அலுத்துக்கொண்டே நானும் பின்னால் நடந்தேன். மலையில் வளர்ந்தவனுக்கு ஏற்றம் இறக்கம் பழக்கம். முடிவே தெரியாத நேர் ரோடு பழக்கமில்லை. திரும்பி மாமன் வீட்டுக்கே போய்விடலாம், ஒரு ஓட்டுத்தானே என்று சொன்னேன். அவள் நின்று என்னைப் பார்த்த பார்வையில் நான் முந்திக்கொண்டு நடந்தேன்.

ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு பெண்ணாடம் போகிற டிராக்டர் ஒன்று எங்களுக்காக நின்றது. கரும்பு வெட்டிய பெண்கள் நாலைந்து பேர் பாரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் ஏறிக்கொண்டோம். கரும்பின் சோகை இலை என் கழுத்தையும் கையையும் கீறித் தள்ளியது. உலகத்தில் இதைவிட மோசமான ஆசனம் இருக்க முடியாது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஞ்சலை என்ற அம்மாள் எங்கே இவ்வளவு அவசரம் என்று கேட்டார். பாக்கியம் சொன்னாள்.

“நாங்களும் ஓட்டுக்குத்தான் போறோம். இன்னிக்குப் பாத்து வெட்டு வச்சாரு மொதலாளி. லோடு ஏத்திட்டுத்தான் போவணும்னாரு. சரின்னு இருட்டோட எந்திரிச்சு வந்து வெட்டி முடிச்சிட்டோம்” என்றார் அஞ்சலை.

“போன தடவையெல்லாம் போட்டீர்களா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “அம்பத்தேழுல எங்க தெரு ஆளுங்க போனப்ப, ஒங்க ஓட்டெல்லாம் ஆயிடுச்சு, போயி வேலையப் பாருங்கன்னுட்டாங்க. எப்படி ஆச்சுன்னு யாரு கேக்கறது? அறுபத்திரெண்டுல வண்டி வச்சு இட்டுக்கினு போனாங்க. சீட்ட மடிக்கிறதுக்கு முன்னாடி வெளிய நிக்கிற ஆளுக்குத் தெரியிற மாதிரி புடிக்கணும்னாங்க. புடிச்சோம். இந்த வாட்டி வண்டியே வாணாம்னுட்டோம். நடந்து போயி, மடிச்சுப் போடப் போறோம்.”

“இதுவரைக்கும் உங்கள் எம்.பி.யாக இருந்தவர் யார்?” என்று, புத்தி வராமல், மறுபடியும் கேட்டேன்.

அஞ்சலைக்குத் தெரியவில்லை. கூட இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. ஓட்டுகிறவர் முன்னாலிருந்து கத்தினார்: “எம்.எல்.ஏ. யாருன்னு கேளு சார், சொல்றோம். ரெண்டு சீட்டு தர்றாங்களே, அதுல பார்லிமெண்டுது கொசுறு மாதிரி. கத்திரிக்கா வாங்குனா கருவேப்பல தர்றான் இல்ல?”

எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாட்டின் பார்லிமெண்டையே கருவேப்பிலை என்கிறார் இந்த மனிதர்; நாங்கள் அங்கே இல்லாத ஓட்டுக்காக மனு எழுதி எழுதிக் கை தேய்கிறோம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். டிராக்டர் ஒரு பள்ளத்தில் இறங்கி என் நாக்கைக் கடிக்க வைத்துவிட்டது.

அஞ்சலையும் மற்றவர்களும் தங்கள் ஊர் விலக்கில் குதித்து இறங்கி, அரிவாள்களை இடுப்பில் செருகியபடி வரப்பில் வேகமாகப் போனார்கள். நாங்கள் பெண்ணாடத்தில் இறங்கியபோது உச்சி வெயில் சாய்ந்துவிட்டது. ரயிலும் இல்லை. ரோட்டில் ஓடியதெல்லாம் கட்சி ஜீப்புகள்தான். ஆளுங்கட்சிக் கொடி கட்டிய ஒரு ஜீப்பைப் பாக்கியம் நடு ரோட்டில் கையை நீட்டி நிறுத்தினாள்.

“விருத்தாசலத்துல ஓட்டு. எங்க வூட்டுக்காரரு ஒங்க கட்சி ஏஜெண்டு. கலியபெருமாள்” என்றாள்.

“நம்ம கலியபெருமாள் சம்சாரமா? ஏறுங்கம்மா, ஏறுங்க” என்று இடம் விட்டார்கள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வழியெல்லாம் அவர்கள் கோஷம் போட்டார்கள். அவள் ஜீப்பின் திறந்த பக்கமாகத் திரும்பி மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஊர் நெருங்கும்போது முன்சீட்டுக்காரர் திரும்பி என் கையில் ஒரு சிறு சீட்டைத் திணித்தார். “சார் வெளியூரா? பரவால்ல. இந்தாளு மெட்ராஸ் போயிட்டாரு. பேரும் அப்பா பேரும் எழுதியிருக்குது. கேட்டா சொல்லிட்டுப் போயி குத்திடுங்க.”

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் எனக்கு ஓட்டு தருகிறேன் என்கிறார். அதுவும் திருட்டு ஓட்டு.  சீட்டை அவர் மடியிலேயே போட்டேன். “சிலோன்காரருக்கு ரோசத்தப் பாரு” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். இறக்கி விட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். கலியபெருமாள் பேரைச் சொன்னதால் இறக்கவில்லை.

வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடம். வரிசையில் அவளோடு நின்ற என்னைப் போலீஸ்காரர் தடுத்தார். ஓட்டு எங்கே என்றார். இல்லை என்றேன். எந்த ஊர் என்றார். சொன்னேன். “சிலோன்லேருந்து ஓட்டுப் போட வந்துருக்காருய்யா” என்று அவர் சத்தமாகச் சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது. நான் போய் வெளியே ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன். உள்ளே நடந்ததெல்லாம் அங்கிருந்து பார்த்ததுதான்.

ஏஜெண்டுகள் ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் மச்சான். வாசலில் பாக்கியத்தைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் பஸ் வராதபோதே புரிந்திருக்க வேண்டும்.

“தனபாக்கியம், புருஷன் பேரு கலியபெருமாள்” என்று படித்த குமாஸ்தா நிமிர்ந்தார். “போட்டாச்சேம்மா.”

“யாரு போட்டா?”

“நீங்கதான்.”

“நான் இப்பதாங்க வரேன்” என்று இடது கை விரல்களை அவர் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள். கரும்புச் சோகை கீறிய கோடுகள்தான் இருந்தன, மை இல்லை.

சாவடிக்கு அதிகாரியாக இருந்தவர் ஒரு ஹைஸ்கூல் வாத்தியார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். “காலையில ஒரு அம்மா இந்தப் பேரச் சொல்லி வந்தாங்க. ஏஜெண்டுங்க யாரும் ஆட்சேபணை சொல்லல. நாங்க என்னம்மா பண்றது?”

பாக்கியம் பெஞ்சின் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“ஏங்க, ஒங்க பொண்டாட்டி நான்தான்னு சொல்லிக்கினு ஒருத்தி வந்தாளே, அவ எப்படி இருந்தா?”

 எதிர்க்கட்சி ஏஜெண்ட் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மச்சான் கையிலிருந்த பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி எல்லாவற்றையும் புரிந்துகொண்டவர் போல, தணிந்த குரலில் சொன்னார்: “ஒங்களுக்குத் தனியாச் சீட்டு தரலாம்மா. சட்டத்துல எடம் இருக்குது. ஆனா அது பெட்டியில விழாது. கவர்ல வச்சு ஒட்டிருவோம். எண்ண மாட்டாங்க. பின்னால கேஸு நடந்து கோர்ட்டு கேட்டாத்தான் பிரிப்பாங்க.”

“ரெண்டு சீட்டும் தருவீங்களா?”

“ரெண்டும் தரேன்.”

“குடுங்க.”

அவள் தட்டி மறைப்புக்குப் பின்னால் போனாள். வெளியே வர நேரமாயிற்று. போலீஸ்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். எண்ணப்படாத ஓட்டுக்கு இவ்வளவு யோசனை என்ன என்று எனக்கே பொறுமை போயிற்று. கடைசியில் சீட்டுகளை மடித்துக் கொண்டுவந்து அதிகாரி கையில் கொடுத்தாள். அவர் கவரை ஒட்டும் வரை நகராமல் நின்றாள். பிறகு, “எனக்கு மை வைக்கலியே” என்றாள்.

மச்சான் பெட்டிக்குச் சீல் வைத்த பிறகு வீட்டுக்கு வந்தார். நான் பிடித்துக்கொண்டேன். “நிலம் பார்க்க எங்களை அனுப்பினது இதற்குத்தானா?” என்று கேட்டேன்.

“நெலமும் பாக்கணும்னுதான் மச்சான்” என்றார். தோள் துண்டை எடுத்து மடித்தபடி அவரே சொன்னார்: “எதிர் ஓட்டு எந்தெந்த வூட்டுல இருக்குதுன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. எல்லார் வூட்டையும் சொல்லிட்டு என் வூட்ட மட்டும் எப்படி மறைக்கிறது? ஒரு ஓட்டுதான பாக்கியம்.”

“ஒண்ணுதாங்க எங்கிட்ட இருந்துச்சு” என்றாள் அவள். அவருக்குத் தட்டு வைத்தாள், களி போட்டாள், குழம்பு ஊற்றினாள். அதோடு அவரிடம் பேச்சை நிறுத்தினாள்.

ஓட்டு எண்ணிய நாளில் ஆளுங்கட்சி ராஜ்யம் முழுக்கக் கவிழ்ந்தது. எங்கள் தொகுதியிலும் அப்படியே. ஊரில் வெடி வெடித்தது. மச்சான் வேலைக்குப் போகாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிடந்தார். துக்கம் விசாரிக்க வருகிற மாதிரி அவர் கட்சிக்காரர்கள் வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அந்தத் திருட்டு ஓட்டு அவர்களைக் காப்பாற்றவில்லை. இவளுடைய ஓட்டு ஜெயித்தவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை. இதற்காகவா நான் கரும்பின் மேல் உட்கார்ந்து வந்தேன் என்று நினைத்தபோது எரிச்சல் தாங்கவில்லை. மேனேஜர் திரும்பி வந்திருந்தார். குமாஸ்தா வேலையைப் பற்றிக் கேட்டேன். “புது மந்திரிசபை வரட்டும் சார்” என்றார்.

நான் புறப்பட்ட அன்று இருவரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். இன்னும் பேச்சு இல்லை. ரயில் வழக்கம்போலத் தாமதம். சும்மா நிற்க முடியாமல் மச்சான்தான் ஆரம்பித்தார்: “இங்கயே வந்துருங்க மச்சான். லிஸ்ட்டுல ஒங்க பேரச் சேக்கறது என் பொறுப்பு.”

“வாணாம். அண்ணன் பேர நானே போயி சேத்துக்கறேன். ஒங்ககிட்ட விட்டா, அண்ணன் கப்பல் ஏறுறதுக்குள்ள அது ஓட்ட எவனாச்சும் போட்டுட்டுப் போயிருவான்” என்றாள் பாக்கியம்.

அத்தனை நாளைக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. மச்சான் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அப்புறம் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, ஆனால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மறு வருடம் தோட்டத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னபோது இந்தியா என்று எழுதிக் கொடுத்தேன். காகிதமெல்லாம் முடிந்து வந்துசேரப் பல வருடம் ஆகிவிட்டது. அதற்குள் எழுபத்தொன்றில் இன்னொரு தேர்தல் போய்விட்டிருந்தது. அந்த முறை பாக்கியம் சாவடி திறப்பதற்கு முன்பே போய் முதல் ஆளாக நின்றாளாம். மச்சான் ஏஜெண்டாக உட்காரவில்லையாம். எழுபத்தேழில் பார்லிமெண்டுக்குத் தேர்தல் வந்தபோது லிஸ்ட்டில் என் பேர் இருந்தது. அதே பள்ளிக்கூடம். மூன்று பேரும் ஒன்றாகப் போனோம். ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்த நான் முத்திரையைத் தலைகீழாகப் பிடித்து, குத்தினதா இல்லையா என்று தெரியாமல், திரும்பக் குத்தலாமா என்று பயந்து, வியர்த்துப்போய் வெளியே வந்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது மச்சான் கிட்டத்தில் வந்து, “யாருக்கு மச்சான் போட்டீங்க?” என்று மெல்லக் கேட்டார்.

பாக்கியம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை; ஆனால் நடையைக் குறைத்தாள்.

நான் இருவருக்கும் சொல்லவில்லை.